கிளிநொச்சியில் ஒரு தட்டச்சுக் கடை: கல்வெட்டும் காற்புள்ளியும்

பெரியப்பாவின் 31ஆம் நாளுக்கு வெளியிட வேண்டிய கல்வெட்டின் வேலை கடந்த ஆவணியில் என் பொறுப்புக்கு வந்தது. அவருடைய பிள்ளைகளில் மூத்தவர் பாரிசில் இருக்கிறார், இளையவர் ரொறன்ரோவில் இருக்கிறார். வட்டக்கச்சியில் மிஞ்சியிருப்பவன் தம்பி மகனாகிய நான் ஒருவன்தான். கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தட்டச்சுக் கடைக்கு இதற்காக இரண்டு வாரத்தில் ஐந்து தடவை போய்வந்தேன். அந்தக் கடை எப்படி வேலை செய்கிறது என்பதை, கல்வெட்டோ அழைப்பிதழோ அடிக்க இடம் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குறைகளையும் எழுதுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "வடிவா எழுதுங்கோ அண்ணை, கடையின்ர பேரை மட்டும் விட்டிடுங்கோ" என்றார் கடைக்காரத் தம்பி. ஆகவே பெயர் இல்லை.

கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் கோயில் சுவரை நினைத்துக்கொள்ளக்கூடும். எங்கள் பக்கத்தில் அது, இறந்தவரின் நினைவாக அச்சிட்டு, 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் சிறு நூல். திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்பன அதில் இருக்கும். 2009இல் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வீட்டில் இருந்த கடிதங்களும் படங்களும் எல்லாமே போய்விட்டன. பெரியப்பாவைப் பற்றி எழுத்தில் இனி இருக்கப்போவது இந்த 48 பக்கங்கள் மட்டுமே. அதனால்தான் ஒரு காற்புள்ளி எங்கே நிற்கிறது என்பதுவரை நான் கரைச்சல் கொடுத்தேன், கடையினர் பொறுத்துக்கொண்டார்கள்.

எழுத்துப்பிழை பார்ப்பதற்கு எந்தக் கடையிலும் ஓர் ஆள் இருப்பார். குறிகளுக்கு முன்னும் பின்னும் விடும் இடைவெளியைப் பார்க்கிற கடையை நான் இதற்கு முன் கண்டதில்லை. மரண அறிவித்தலை வேறொரு கடையில் அவசரத்தில் அடித்திருந்தோம். அதில் 'மகேஸ்வரிஇ சிவநேசன்இ குகதாஸ்' என்று உறவினர் பெயர்களின் வாலில் ஓர் 'இ' ஒட்டிக்கொண்டிருந்தது. திகதி '12ஃ08' என்று ஆய்த எழுத்தோடு வந்திருந்தது. பெரியப்பா படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பெயருக்கு முன்னால் 'கிளி/' என்று வரவேண்டியது 'கிளிஃ' ஆகியிருந்தது. இலங்கைத் தமிழ் அச்சைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்த 'இ' பழகிய விருந்தாளி. பாமினி எழுத்துருவே அதற்குக் காரணம். யுனிக்கோடு பரவுவதற்கு முன்பிருந்தே எங்கள் அச்சகங்களை ஆண்டுவரும் அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தி வைத்திருக்கிறது. அதில் காற்புள்ளி விசையைத் தட்டினால் 'இ' வரும், சாய்கோட்டைத் தட்டினால் 'ஃ' வரும், அரைப்புள்ளியைத் தட்டினால் மெய்யெழுத்தின் மேற்புள்ளி வரும். காற்புள்ளி வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்ட வேண்டும். இது தெரியாதவர் தட்டினாலோ, வேறிடத்தில் எழுதியதைக் கொண்டுவந்து ஒட்டி எழுத்துருவை மட்டும் மாற்றினாலோ, காற்புள்ளி நிற்க வேண்டிய இடமெல்லாம் 'இ' வந்து குந்திக்கொள்ளும்.

எனக்கு வந்து சேர்ந்த எழுத்துகளில் பெரும்பகுதி மூன்று பேருடையவை. மூன்று பேருக்கும் மூன்று பழக்கம். வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் மாமா. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்ற அவர், ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் இடைவெளியை இரண்டு தடவை தட்டுகிறார். ஆங்கிலத் தட்டெழுத்து வகுப்பில் அடித்து அடித்துப் பழக்கிய ஒழுங்கு அது. தட்டெழுத்துப் பொறியில் ஒடுங்கிய எழுத்துக்கும் அகன்ற எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், வசனம் முடிந்ததைக் கண்ணுக்குக் காட்ட இரட்டை இடைவெளி உதவியது. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் இன்றைய எழுத்துருக்களில் அந்தத் தேவை இல்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி செய்த கதையை ஒரு மணித்தியாலம் சொன்னாரே தவிர, பெருவிரலை மாற்றிக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை.

பெறாமகள், அதாவது அண்ணன் முறையானவரின் மகள், அனுப்பியது தொலைபேசியில் எழுதிய இரங்கல். அதில் காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி இருக்கும், பின்னால் இராது: 'அப்பப்பா ,நீங்கள் ,வயலுக்கு' என்று ஒவ்வொரு காற்புள்ளியும் பின்னால் வரும் சொல்லின் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லைப் பாதி எழுதும்போதே தொலைபேசி முழுச்சொல்லையும் நீட்ட, அதைத் தொட்டால் சொல்லோடு ஓர் இடைவெளியும் தானாக வந்துவிடுகிறது. அதன் பிறகே காற்புள்ளி. பிறகு இடைவெளி விட அந்தப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. துக்கம் மிகும் இடங்களில் முப்புள்ளிக்குப் பதில் எட்டு, ஒன்பது புள்ளிகள்.

பாரிசு அண்ணாவின் கோப்பு வேறு மாதிரி. பிரெஞ்சு மொழியில் கேள்விக்குறி, வியப்புக்குறி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஆகியவற்றுக்கு முன்னால் இடைவெளி விடுவதே முறை. அந்த இடைவெளியும் வரி முடிவில் உடையாத வகை. குறி ஒருபோதும் சொல்லைப் பிரிந்து அடுத்த வரிக்குப் போகாது. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தவர் தமிழிலும் 'அப்பா !' என்று எழுதுவது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் கோப்பைக் கடையின் கணினியில் திறந்தபோது 'கண ்டேன ்' என்பது போல, மெய்யெழுத்துகளின் மேற்புள்ளிகள் எல்லாம் எழுத்தை விட்டு விலகி நின்றன. அண்ணாவுக்குத் தெரியாமல் இல்லை. "ஏனோ இப்பிடித்தான் வருது, கடையில குடுத்துத் திருத்து" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கடைக்காரத் தம்பி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அண்ணாவின் கணினி பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. அரைப்புள்ளியைத் தட்டியவுடன் அதற்கு முன்னால் உடையாத இடைவெளி ஒன்றைத் தானாகவே போட்டுக்கொடுக்கிறது. பாமினியிலோ அரைப்புள்ளிதான் மேற்புள்ளி. பாரிசின் இலக்கணம் வன்னித் தமிழின் புள்ளியைப் பிடித்து இழுத்திருந்தது. உடையாத இடைவெளியோடு சேர்ந்த அரைப்புள்ளிகளைத் தேடி, இடைவெளியை மட்டும் நீக்கும்படி ஒரே கட்டளை கொடுத்தார். பதினோரு பக்கமும் நேராயின. இதற்கு முன் அந்தக் கோப்பைக் காட்டிய இடத்தில் முழுவதையும் புதிதாக அடிக்க வேண்டும் என்று விலை சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கடையின் திறமை தட்டச்சு வேகத்தில் இல்லை. தட்டச்சுச் செய்யும் பிள்ளை கோப்பைத் திறந்தவுடன், இடைவெளிகளைத் திரையில் காட்டும் பொத்தானைத்தான் முதலில் அழுத்துகிறார். அப்போது ஒவ்வோர் இடைவெளியும் வரியின் நடு உயரத்தில் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். மாமாவின் பக்கங்களில் வசனத்துக்கு வசனம் இரண்டு புள்ளிகள் சோடியாக நின்றன. பெறாமகளின் பக்கத்தில் காற்புள்ளிகளின் இடப்பக்கம் புள்ளி இருக்க, வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. யார் எழுதியது என்று நான் சொல்லாமலே, "இது ஃபோனில எழுதினது, இது பழைய ரைப்பிஸ்ட்" என்று அந்தப் பிள்ளை பிரித்துச் சொன்னதைக் கேட்க, நாடி பிடித்துப் பார்க்கும் பரியாரியின் நினைவு வந்தது.

இடைவெளி தவறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. முதல் சரவையின் (திருத்தம் பார்க்க எடுத்த அச்சுப்படியின்) 22ஆம் பக்கத்தை அவர்களுக்குக் காட்டியிருப்பேன். பேரன் எழுதிய இரங்கலில் 'எங்களை விட்டு எங்கே போனீர்கள்' என்று வரி முடிந்திருந்தது; கேள்விக்குறி தன்னந்தனியாக அடுத்த வரியின் தொடக்கத்தில் நின்றது. எழுதியவர் குறிக்கு முன்னால் சாதாரண இடைவெளி விட்டிருந்ததால், வரியில் இடம் போதாதபோது கணினி அந்த இடத்தில் உடைத்துவிட்டது. வம்சாவளிப் பக்கத்தில் இதற்கு எதிர்மாறான கோளாறு. காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் ஒன்பது பேரின் பெயரைக் கோத்திருந்தார்கள். கணினிக்கு அது ஒரே சொல். உடைக்க இடமில்லாமல் முழுச் சங்கிலியும் அடுத்த வரிக்கு இறங்க, இரண்டு ஓரமும் நேராக அமைத்த பந்தியில் மேல்வரியின் மூன்று சொற்களும் வயல் வரம்புகளைப் போல எட்ட எட்ட நின்றன.

முதலெழுத்துகளின் விடயத்திலும் கவனமாக இருந்தார்கள். 'க.' ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியின் முதலிலும் வராதபடி, கொன்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டு இடைவெளி தட்டி, உடையாத இடைவெளி போட்டார்கள். தகப்பனின் முதலெழுத்தை மகனிடமிருந்து பிரிக்கக்கூடாது என்பது அந்தப் பிள்ளையின் கொள்கை. பெயர், பிறந்த இடம், தோற்றம், மறைவு என்று விபரங்களை அடுக்கும் பக்கத்தில் மட்டும் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தை அப்படியே விட்டார்கள். அங்கே முக்காற்புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒட்டி எழுதினால் பக்கம் கோணலாகிவிடும். விதியைத் தெரிந்தவர்கள் பலர். அது எங்கே செல்லாது என்பதும் இங்கே தெரிந்திருந்தது.

குறைக்கு வருகிறேன். இரண்டாம் சரவைக்கு முன்னர், பிள்ளை விடுப்பில் இருந்த நாளில், கடைக்காரத் தம்பி அவசரப்பட்டு, முற்றுப்புள்ளிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் இடைவெளி சேர்க்கும்படி முழுக் கோப்புக்கும் கட்டளை கொடுத்துவிட்டார். 'க.பொ.த.' என்ற பரீட்சைச் சுருக்கம் சிதறியது. கிரியை தொடங்கும் நேரம் '9. 30' ஆனது. வாழ்க்கை வரலாற்றில் '2.5 ஏக்கர்' என்று இருந்த வயல் '2. 5 ஏக்கர்' ஆகி, சரியாக அந்த இடைவெளியில் வரியும் உடைந்தது. 'அவருக்குக் கிடைத்த வயற்காணி 2.' என்று ஒரு வரி முடிய, அடுத்த வரி '5 ஏக்கர்' என்று தொடங்கியது. ரொறன்ரோவில் இருந்து தங்கச்சி அழைத்து, "அண்ணா, அப்பாவுக்கு அஞ்சு ஏக்கர் எப்ப வந்தது?" என்று கேட்டாள். காணி விடயத்தில் இப்படி ஓர் எழுத்து அச்சாகி ஊருக்குள் போயிருந்தால் அதன் பலனை நான்தான் அனுபவித்திருப்பேன்.

திதி வெண்பாவிலும் ஒரு கீறல் விழுந்தது. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் தனிச்சொல்லுக்கு முன்னால் ஒரு கோடு இட்டு, இரண்டு பக்கமும் இடம் விட்டு அச்சிடுவது வழக்கம். கோட்டைச் சுற்றியிருந்த இடைவெளிகளை மிகையென்று நினைத்து நீக்கியதால், தனிச்சொல் முன்சீரோடு ஒட்டிக்கொண்டு, வாசிப்பவரின் ஓசையைத் தட்டிவிட்டது. வெண்பா பாடித் தந்த ஐயா இதைக் கண்டிருந்தால் கல்வெட்டைக் கையிலும் தொட்டிருக்க மாட்டார். ஓலையில் எழுதிய காலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை; மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுத்தான் எழுதினார்கள். செய்யுளுக்கு அது போதுமாக இருந்தது, ஓசையே நிறுத்தத்தைச் சொல்லிவிடும். உரைநடை அச்சேறியபோதே குறிகள் தேவைப்பட்டன. அவற்றைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டவர்களில் ஆறுமுக நாவலர் (1822-1879) முதன்மையானவர். ஆகவே ஒரே கல்வெட்டுக்குள் வெண்பாவின் பக்கத்துக்கு ஒரு நீதியும் வரலாற்றின் பக்கத்துக்கு வேறொரு நீதியும் வேண்டும். கட்டளை ஒன்றால் இரண்டையும் ஒரே வாளியில் அள்ளியது கடையின் பிழை. மறுநாள் பிள்ளை வந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்தார். அதற்கு மேலதிகமாகப் பணம் கேட்கவில்லை. ஆனால் எனக்கு இரண்டு நாளும் வட்டக்கச்சியிலிருந்து ஒரு பஸ் பயணமும் போயின.

விலையைப் பொறுத்தவரை, கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சுச் செய்ய பக்கத்துக்கு 150 ரூபாவும், கோப்பாகக் கொடுத்ததைத் திருத்தி அமைக்க 60 ரூபாவும் வாங்கினார்கள். இது நகரத்தில் நான் விசாரித்த மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூட. ஆனால் வேறொரு வழியில் அந்தப் பணம் திரும்பி வந்தது. நடுவில் கம்பி குத்தும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். எங்கள் நன்றி நவிலல் 49ஆம் பக்கத்துக்கு ஐந்து வரி வழிந்திருந்தது. அதை அப்படியே விட்டால் 52 பக்கத்துக்குக் கடதாசி வாங்க வேண்டும். மாமாவின் இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்கி, பெறாமகளின் புள்ளி மழையை முப்புள்ளியாக்கி, வழிந்த வரிகளை மேலே இழுத்துக்கொண்டார்கள். 200 பிரதிக்கு நாலு பக்கம் மிச்சம் என்றால் அது சிறு தொகை அல்ல.

கடை சிறியது, காத்திருக்க இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் மட்டுமே. பின்னேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட்டோக்கொப்பி எடுக்க வந்துவிடுவார்கள், அந்நேரம் சரவை பார்க்க முடியாது. காலை 9 மணிக்குப் போவது நல்லது. மின்சாரம் நின்றால் வேலையும் நிற்கும். அச்சு மை பரவாயில்லை, படங்கள் கொஞ்சம் கறுத்துத்தான் வருகின்றன.

கடைசிச் சரவையில் எனக்கும் கடைக்கும் ஒரு சிறு வாக்குவாதம் வந்தது. பாரிசு அண்ணா தகப்பனுக்கு எழுதிய இரங்கல் 'அப்பா !' என்று தொடங்கும். தமிழ் முறைப்படி கடை அதை ஒட்டி 'அப்பா!' என்று ஆக்கியிருந்தது. அதுவே சரி என்று நானும் கையெழுத்து வைக்க இருந்தேன். கைத்தொலைபேசியில் பக்கத்தைப் பார்த்த அண்ணா, அந்த இடத்தில் மட்டும் தான் எழுதியபடி விடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. எனக்கு உடன்பாடில்லை, 47 பக்கத்தில் ஒரு முறை, ஒரு பக்கத்தில் வேறு முறை என்றால் பார்ப்பவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். கடைக்காரத் தம்பியும் என் பக்கம்தான். தட்டச்சுப் பிள்ளை இருவரையும் கேட்காமல், 'அப்பா'வுக்கும் வியப்புக்குறிக்கும் இடையில் மிக ஒடுங்கிய, உடையாத ஓர் இடைவெளியைப் போட்டுப் பக்கத்தை நீட்டினார். பிரெஞ்சு அச்சில் விடுவதும் அந்த அகலம்தானாம். 31ஆம் நாள் காலையில் 200 பிரதியும் வந்தன. பந்தியில் இருந்தவர்களில் ஒருவரும் அந்த இடைவெளியைக் காணவில்லை. மாமா மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் முற்றுப்புள்ளிகளுக்குப் பின்னால் இருந்த மற்ற இடைவெளி எங்கே என்று கேட்டார்.